ஊர்பேர் இல்லாத செய்திகள்

(இதழியல் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இணையத்தில் வந்து குவியும் செய்திகளைத் தெரிந்தெடுத்துத் தொகுப்பதையும், சமூக ஊடகங்களைப் பத்திரிகைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதையும் ஒரு மாணவர் எவ்வாறு பயில வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு இதழியல் துறையினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இது வெறும் கருவிகளைப் பற்றிய பாடம் என்றும், எந்தச் செயலியில் எதை அழுத்துவது என்று தெரிந்துகொண்டால் போதும் என்றும் எண்ணுகிறவர்கள் உண்டு. வெயிலில் அலைந்து செய்தி திரட்டும் ஊக்கம் இல்லாதவனுக்கு வாய்த்த இரண்டாந்தர வேலை இது என்று கருதும் மூத்த பத்திரிகையாளர்களையும் நான் அறிவேன். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் தவறு என்பது என் துணிபு. பிறர் கண்டதையும் கேட்டதையும் வாங்கிப் பல்லாயிரம் பேருக்கு வழங்க முற்படுகிறவன், அது எங்கே, எப்போது, யார் கண்முன், எந்த முழுமையின் பகுதியாகப் பிறந்தது என்பதையும் அதனோடு சேர்த்தே வழங்கக் கடமைப்பட்டவன். அந்தக் கடமையை நிறைவேற்றுவதற்கு வேண்டிய சிரத்தையும் விவேகமும், களத்துக்குச் சென்று வரும் நிருபருக்கு வேண்டிய துணிவுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமையும்.

தெரிந்தெடுத்துத் தொகுத்தல் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியதன்று. பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தின் டெலிபிரிண்டர் இயந்திரம் இரவெல்லாம் ஓடிச் சுருள் சுருளாகக் காகிதத்தைத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், அச்சுருள்களைக் கிழித்தெடுத்து, முதற்பக்கத்துக்கு எது, உட்பக்கத்துக்கு எது, கூடைக்கு எது என்று விரைந்து தீர்மானித்து, ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கித் தலைப்பிட்டு அச்சுக்கோப்பவரிடம் அனுப்பிய உதவியாசிரியர் செய்ததும் இதே காரியந்தான். வாசகர்கள் அவர் பெயரை அறிந்ததில்லை. எனினும் மறுநாட் காலையில் ஊர் எதைப் பற்றிப் பேசும் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயித்தவர் அவரே. ஆனால் அவருக்கு ஓர் அனுகூலம் இருந்தது. சுருளில் வந்த ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அது புறப்பட்ட ஊரும் தேதியும் இருந்தன. அனுப்பிய நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஐயம் எழுந்தால் கூப்பிட்டுக் கேட்பதற்கு மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். இன்றைய மாணவரின் போனில் வந்து விழும் செய்திக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை, தேதியும் இல்லை. யாரோ எடுத்த படம், யாரோ வெட்டிய துண்டு, யாரோ எழுதிச் சேர்த்த இரண்டு வரி. நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பவரோ நமக்கு மிகவும் வேண்டிய சித்தப்பாவாகவோ பள்ளித் தோழியாகவோ இருக்கிறார். அனுப்பியவரிடத்தில் நமக்குள்ள அன்பு, அவர் அனுப்பிய செய்தியின்மீது நம்பிக்கையாக மாறிவிடுகிறது. இக்காலத்துத் தொகுப்பாளன் முதலில் அறுக்க வேண்டிய முடிச்சு இதுவே.

தமிழ் மரபிலேயே பிறந்து வளர்ந்த நமக்குத் தொகுப்பின் நெறி அந்நியமானதும் அன்று. சங்கச் செய்யுட்கள் நம்மிடம் வந்து சேர்ந்தது தொகுத்தவர்களின் உழைப்பால். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றும், ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் குறிப்புகள் உள்ளன. தொகுத்தவர் பெயரையும் தொகுப்பித்தவர் பெயரையும் தனித்தனியே பதிவு செய்த இந்த நேர்மையை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எழுத்து ஒருவருடையது, தெரிவு மற்றொருவருடையது, பொருளுதவியும் தூண்டுதலும் வேறொருவருடையவை என்ற மூன்று பொறுப்புகளும் அங்கே ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. புறநானூற்றுப் பாட்டின் கீழே திணையும் துறையும் மட்டுமல்லாமல், பாடியவர் இன்னார், பாடப்பட்டவர் இன்னார் என்ற குறிப்பும் நிற்கிறது.

அந்த நூலை 1894-இல் அச்சிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் இந்நெறியை இன்னும் உயரத்துக்குக் கொண்டு சென்றார். ஏட்டுச் சுவடி கொடுத்து உதவியவர்களின் பெயர்களை முகவுரையில் நன்றியோடு எடுத்துரைத்து, பிரதிகளுக்குள் பாடபேதம் இருந்த இடங்களில் அவற்றைக் குறித்துக் காட்டி, ஏடு சிதைந்து சொல் மறைந்துபோன இடங்களில் தம் புலமையால் இட்டு நிரப்ப வல்லவராக இருந்தும் அவ்வாறு செய்யாமல் வெற்றிடமாகவே விட்ட அப்பெரியாரின் பதிப்புமுறையை, இணையச் செய்தித் தொகுப்புக்கு முதற் பாடநூலாக வைக்கலாம் என்று நான் சொல்வேன். புறநானூற்றின் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. கிடைக்காதவை கிடைக்காதவையாகவே இன்றும் பதிப்புகளில் நிற்கின்றன. தெரியாத இடத்தைத் தெரியாததாகவே காட்டும் மனவுறுதி, நிமிஷத்துக்கு நிமிஷம் புதுச் செய்தி கேட்டு நச்சரிக்கும் இக்காலத்தில் எவ்வளவு அரிய குணம் என்பதை நீங்கள் ஒரு செய்தி அறையில் ஒருநாள் இருந்து பார்த்தால் உணர்வீர்கள்.

இனி, இந்தத் தொழிலை இணையத்தில் ஒருவர் எவ்வாறு நடத்திக் காட்டினார் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2010 டிசம்பர் 17 அன்று தூனிசியாவில் சிதி பூசித் என்னும் சிறுநகரில், அதிகாரிகளின் கொடுமை பொறாத முகமது பூஅசீசி என்ற தெருவியாபாரி தன்மேல் தீ வைத்துக்கொண்டார். அதைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சி அந்நாட்டு அதிபரை ஓட்டியது. அடுத்து எகிப்தில் 2011 ஜனவரி 25-இல் பற்றி, பிப்ரவரி 11-இல் அதிபர் முபாரக்கைப் பதவி விலகச் செய்தது. பின்னர் லிபியாவுக்கும் பரவியது. அப்போது அமெரிக்காவில் என்.பி.ஆர். என்ற பொது வானொலியில் பணியாற்றிவந்த ஆண்டி கார்வின், தம் மேஜையை விட்டு நகராமலே இந்தப் பெருங்கொந்தளிப்பை ட்விட்டர் மூலம் உலகுக்குத் தொகுத்தளித்தார். அவருக்கு அரபு மொழி தெரியாது. ஆனால் தூனிசியாவின் இணைய எழுத்தாளர்கள் சிலரை அவர் கிளர்ச்சிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நேரில் அறிந்திருந்தார். யார் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பீடு அவரிடம் இருந்தது. அந்தப் பழக்கமே அவருடைய மூலதனம். கலவரம் தொடங்கிய பிறகு சாட்சிகளைத் தேடப் புறப்படுகிறவன் கையில் அகப்படுபவர்கள் பெரும்பாலும் உரக்கக் கூவுகிறவர்களே. அமைதிக் காலத்திலேயே ஓர் ஊரின் மனிதர்களைத் தெரிந்துவைத்திருப்பவனுக்குத்தான் நெருக்கடியில் உண்மையான குரல் கேட்கும்.

கார்வினின் முறையில் என்னை மிகவும் கவர்ந்தது, தமக்குத் தெரியாததை அவர் வெளிப்படையாகக் கேட்ட விதம். ஒருவர் ஏதேனும் ஒரு செய்தியைச் சொன்னால், அதை உடனே மெய்யென்று நிலைநாட்டாமல், இதற்கு ஆதாரம் என்ன, நேரில் கண்டவர் உண்டா, படம் உண்டா என்று பலரறியக் கேட்பார். 2011-இல் லிபியாவில் கிடந்த பீரங்கிக் குண்டு ஒன்றின் படம் வெளியாகி, அதில் காணப்பட்ட நட்சத்திரக் குறியைக் காட்டி, அந்நாட்டை ஆண்ட கடாபியின் சேனைக்கு இஸ்ரேல் ஆயுதம் கொடுக்கிறது என்ற பேச்சு வேகமாகப் பரவிற்று. நட்சத்திரத்தை அடுத்துப் பிறை போன்ற ஒரு வளைவும் அப்படத்தில் இருந்தது. கார்வின் அந்தப் படத்தைத் தம்மைப் பின்தொடர்ந்த பல்லாயிரம் பேர் முன் வைத்து, இக்குறி என்ன என்று கண்டுபிடிக்கத் துணை செய்யுமாறு வேண்டினார். ஆயுதங்களைப் பற்றி அறிந்தவர்களும், பழைய கையேடுகளைத் தேடிப் பார்த்தவர்களும், வேறு நாட்டுக் குண்டுகளின் படங்களை ஒப்பிட்டவர்களுமாகப் பலர் முன்வந்தார்கள். அது எந்த நாட்டின் சின்னமும் அன்று. இரவில் வானில் எரிந்து போர்க்களத்துக்கு வெளிச்சம் காட்டும் குண்டுகளுக்கு இடப்படும் குறி அது. நட்சத்திரம் ஒளியையும், பிறை எனத் தோன்றிய வளைவு அக்குண்டைத் தாங்கி இறங்கும் பாராசூட்டையும் குறிப்பவை என்று அவர்கள் நிரூபித்தார்கள். ஒரு பெரும் பகையை மூட்டியிருக்கக்கூடிய வதந்தி, பலர் கூடிச் செய்த ஆராய்ச்சியால் அவிந்தது. சமூக ஊடகம் வதந்தியைப் பரப்பும் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் இந்நிகழ்ச்சியைத்தான் நினைவூட்டுவேன்: வதந்தியைப் பரப்பிய அதே கூட்டத்திலிருந்துதான் அதை அவித்த அறிவும் வந்தது, அந்த அறிவை அழைத்துக் கேட்க ஒரு தொகுப்பாளன் வேண்டியிருந்தான், அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2015 டிசம்பர் முதல் தேதி சென்னையில் பெய்த மழையை இங்கிருப்பவர்களில் பலர் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது; விமான நிலையம் மூடப்பட்டது; மறைமலை நகரிலிருந்த அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாமையால், 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழின் சென்னைப் பதிப்பு தன் வரலாற்றில் முதன்முறையாக டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. அச்சுப் பத்திரிகை நின்றுபோன அந்த நாட்களில், எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர், எந்தக் கல்யாண மண்டபத்தில் அடைக்கலம், எந்த வீட்டு மாடியில் முதியவர்கள் தவிக்கிறார்கள், படகு எங்கே நிற்கிறது என்ற விவரங்களையெல்லாம் ட்விட்டரிலும் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பொறுக்கியெடுத்து, யாரும் பார்க்கக்கூடிய பட்டியல்களாக ஆக்கி வைத்தவர்கள் பெரும்பாலும் பத்திரிகைத் தொழிலோடு சம்பந்தமில்லாத இளைஞர்கள். அவர்களிற் சிலர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டே இப்பணியைச் செய்தார்கள். தமிழ்நாட்டில் இணையச் செய்தித் தொகுப்பு என்பது ஒரு பொதுத்தொண்டாக மலர்ந்த நாட்கள் அவை என்று நான் கருதுகிறேன்.

அந்தத் தொண்டினூடே ஒரு பெரிய பாடமும் கிடைத்தது. உதவி வேண்டி ஒருவர் எழுதிய வேண்டுகோளில் முகவரி இருந்தது, தொலைபேசி எண் இருந்தது, ஆனால் எழுதிய நேரம் இல்லை. அவர் காப்பாற்றப்பட்டு உறவினர் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கையிலும் அவர் வேண்டுகோள் கைமாறிக்கொண்டே இருந்தது. மீட்கப் போனவர்கள் ஆளில்லாத வீட்டின் முன் படகை நிறுத்திக் குரல் கொடுத்துத் திரும்பினார்கள். அந்த நேரத்தில் வேறொரு தெருவில் உண்மையாகவே யாரோ காத்திருந்தார்கள். நேரமின்றி வழங்கப்பட்ட மெய்யும் பொய்யாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எதைப் பகிர்ந்தாலும் இது இன்ன மணிக்கு எனக்குக் கிடைத்தது, இன்ன மணிக்குச் சரிபார்த்தேன், இந்தத் தேவை முடிந்துவிட்டது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். பழைய குறிப்பை அப்புறப்படுத்துவது புதிய குறிப்பைச் சேர்ப்பதற்குச் சமமான சேவை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற கதையும் அவ்வாரத்திலேதான் பரவியது. பண்ணையினர் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. பண்ணைக்கு ஒரு முறை பேசிக் கேட்டிருந்தால் அது முதற்கையிலேயே நின்றிருக்கும்.

நேரத்தைப் பற்றிச் சொன்னேன். முழுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்புக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு, விழிப்புணர்ச்சிக்காக ஒரு சிறு படம் எடுத்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சிறிது நேரத்தில் திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்னும் கருத்துடைய அட்டையைப் பிடித்துக் காட்டுகிறார்கள். இப்படத்தின் பிற்பகுதியை யாரோ நீக்கிவிட்டார்கள். எஞ்சிய துண்டு, 2018-இல் இந்தியாவில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற எச்சரிக்கையோடு வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பயணம் செய்தது. பெற்றோரை எச்சரிக்க எடுத்த படம், பெற்றோரைக் கொலைகாரராக்கும் படமாயிற்று. பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். நம்முடைய திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, அவ்வாண்டு மே மாதத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டு உயிரிழந்தார். ஜூலை மாதத்தில் மகாராஷ்டிரத்துத் தூலே மாவட்டத்தில் ஐவர் ஒருங்கே கொல்லப்பட்டார்கள். அதன் பின்னரே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. வெட்டப்பட்ட சில விநாடிகளுக்கு உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டன என்பதை இதழியல் மாணவர்கள் ஒருபோதும் மறக்கலாகாது. ஒரு வீடியோத் துண்டு உங்கள் கைக்கு வந்தால், இதற்கு முன் என்ன நடந்தது, இதன் பின் என்ன நடந்தது, இதன் நீண்ட வடிவம் எங்கே இருக்கிறது என்று தேடுவது உங்கள் முதல் வேலை.

ஐந்தாண்டு கழித்து, 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வட மாநிலங்களில் வீடியோக்கள் பரவியபோது, இதே கதை வேறு உருவில் திரும்பிற்று. அவற்றுள் ஒன்று திருப்பூரில் பிகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த தகராறு, மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூரார் தமக்குள் போட்ட சண்டை என்று மாநிலக் காவல்துறைத் தலைவர் விளக்க நேர்ந்தது. பிகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பி நிலைமையை அறிந்தது. படங்கள் மெய்யானவை, ஊர் மாறியது, தேதி மாறியது, அடிபட்டவரும் அடித்தவரும் யார் என்பது மாறியது. பொய்ப் படம் உண்டாக்க இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் மெய்ப் படத்துக்குப் பொய்யான ஊரைச் சூட்டுவதற்கு எந்த நுண்ணறிவும் தேவைப்படவில்லை.

ஒரு படத்தின் ஊரை எப்படிக் கண்டறிவது என்று கேட்பீர்கள். படத்தைக் கொண்டே இணையத்தில் தேடி, அது முன்னரே எங்கேனும் வெளியாகியிருக்கிறதா என்று பார்க்கும் வசதி கூகுளிலும் டின்ஐ என்ற தளத்திலும் உண்டு. அதை முதலில் செய்யுங்கள். அது கைகொடுக்காத இடத்தில் உங்கள் கண்ணே உதவும். நம் நாட்டுத் தெருக்கள் தங்கள் விலாசத்தைத் தாமே எழுதி வைத்திருக்கின்றன. கடைப் பலகையில் ஊர்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். பேருந்தின் முகப்பில் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் இருக்கும். வாகனத்தின் பதிவெண் மாவட்டத்தையே சொல்லிவிடும். சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும், மணவிழாவுக்கு வைத்த பிளெக்ஸ் பேனரிலும் தேதி அச்சாகியிருக்கும். இவற்றையெல்லாம் பெரிதுபடுத்திப் பார்க்கும் பொறுமை உள்ளவனை ஏமாற்றுவது கடினம்.

தமிழில் வரும் பொய்களுக்குச் சில தனி இயல்புகள் உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். பிரபலமான தொலைக்காட்சிகளின் நியூஸ் கார்டு போலவே நிறமும் சின்னமும் எழுத்தும் அமைத்து, ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாகப் பரப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. அத்தகைய அட்டை கிடைத்தால் அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அந்தத் தேதியில் அது வெளியாகியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. பிரதி எடுத்தவர்கள் பெரும்பாலும் எழுத்துருவிலும் தேதி இடுவதிலும் தடுமாறியிருப்பார்கள். யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்கள் இவ்வேலையைத் தொடர்ந்து செய்துவருகின்றன. அவர்கள் எந்த வழியில் முடிவுக்கு வந்தார்கள் என்பதைப் படிப்படியாக வாசிப்பது மாணவருக்கு நல்ல பயிற்சி. இவற்றைவிடக் கடினமானது குரற்பதிவு. அதைத் தேட எந்த வசதியும் எளிதில் உதவாது. கேட்கிறவருக்கோ தம் வீட்டு மனிதரே பதைபதைப்போடு பேசுவது போன்ற உணர்ச்சி உண்டாகிறது. பேசுகிறவர் எந்த வட்டாரத் தமிழ் பேசுகிறார், ஊர்ப் பெயரை அவ்வூரார் சொல்கிறபடி சொல்கிறாரா, நாளைக் குறிப்பிடுகிறாரா, தம் பெயரைச் சொல்கிறாரா என்று ஆராயலாம். இறுதியில் சம்பந்தப்பட்ட ஊருக்குப் பேசியே தீர வேண்டும். மேஜையிலிருந்து செய்யும் தொழிலும் முடிவில் ஒரு மனிதரிடம் போய்த்தான் நிற்கிறது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்கிறேன். செய்தித் தொகுப்பு என்றாலே 2011 முதல் சில ஆண்டுகள் வரை உலகமெங்கும் பத்திரிகையாளர்கள் நினைத்தது ஸ்டோரிஃபை என்ற தளத்தை. ஏ.பி. செய்தி நிறுவனத்தில் நிருபராக இருந்த பர்ட் ஹெர்மன் என்பவரும் அவருடைய தோழரும் சேர்ந்து உண்டாக்கியது அது. பல இடங்களில் சிதறிய பதிவுகளையும் படங்களையும் இழுத்துவந்து வரிசைப்படுத்தி, இடையிடையே தம் குறிப்பை எழுதிக் கதைபோல் தொடுக்க அது வழிசெய்தது. இதழியல் பள்ளிகள் அதைப் பாடமாக வைத்தன. கைமாறிக் கைமாறி அடோபி நிறுவனத்திடம் வந்து சேர்ந்த அத்தளம் 2018 மே 16 அன்று மூடப்பட்டது. அதில் தொகுத்தவற்றைப் பிரதி எடுத்து வைக்காதவர்கள் அவற்றை இழந்தார்கள். ட்விட்டரும் 2023-இல் பெயரே மாறி எக்ஸ் ஆயிற்று. அதனோடு அதன் விதிகள் பலவும் மாறின. நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் இந்த அனுபவம் உண்டு: ஒருங்குறி வருமுன் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு இணையத்தில் வெளியிட்ட பக்கங்களில் மிஞ்சியிருப்பவற்றை இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிகின்றன. ஆகையால், நீங்கள் தொகுக்கும் எதையும் பிறர் வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். பதிவின் முகவரியையும், தேதியையும், எழுதியவர் பெயரையும், அதன் வாசகத்தையும் உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பொது நூலகத்தில் ஒரு பிரதி சேமியுங்கள்.

வேகத்தின் மோகத்தைப் பற்றி ஒரு சொல். 2013 ஏப்ரல் 23 அன்று ஏ.பி. நிறுவனத்தின் ட்விட்டர்க் கணக்கில் விஷமிகள் புகுந்து, வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்து அதிபர் ஒபாமா காயமுற்றார் என்று எழுதினார்கள். சில நிமிஷங்களுக்குள் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஏறத்தாழ 140 புள்ளி வீழ்ந்து மீண்டது. எழுதியது உலகின் மிக நம்பத்தக்க நிறுவனங்களுள் ஒன்றின் கணக்கு. ஆயினும் வெள்ளை மாளிகைக்குள்ளேயே பல நிருபர்கள் இருக்கையில் அவர்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கச் சில விநாடிகள் போதுமாயிருந்தன. நம்பிக்கைக்குரிய பெயரும் இரண்டாவது சாட்சிக்கு ஈடாகாது.

சமூக ஊடகத்தில் படம் எடுத்துப் போடுகிறவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் முறை பற்றியும் எனக்கு மிகுந்த கவலை உண்டு. ஒரு விபத்தையோ வெள்ளத்தையோ ஒருவர் தம் போனில் படம் பிடித்து வெளியிட்டால், அடுத்த கணமே செய்தி நிறுவனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அந்தப் படத்தைக் கொடு என்று கேட்கின்றன. சில கேட்காமலே எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா, உங்கள் வீட்டாருக்கு ஒன்றும் இல்லையே என்பது முதற்கேள்வியாக இருக்கட்டும். படத்தை எடுத்தவர் நீங்கள்தானா என்பது இரண்டாவது. வெளியிட உங்களுக்குச் சம்மதமா, பெயரைப் போடலாமா, போட்டால் உங்களுக்குத் தீங்கு உண்டா என்பவை அதற்கடுத்தவை. இக்கேள்விகளைக் கேட்பதால் போட்டியில் நாம் சில நிமிஷம் பின்தங்கலாம், பின்தங்கினால் குற்றமில்லை.

பிழை திருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அச்சுப் பத்திரிகையில் முதற்பக்கத்தில் வந்த தவற்றை உள்பக்க மூலையில் திருத்துவது நெடுங்கால வழக்கம். இணையத்தில் தவறான பதிவை ஓசையின்றி அழித்துவிடுவது அதைவிடக் கேடானது. ஏனெனில் அதற்குள் அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் அழிக்கப்பட்டதை அறியமாட்டார்கள். தவறு சென்ற குழுக்களுக்கெல்லாம், சென்ற பக்கங்களுக்கெல்லாம், திருத்தமும் அதே அளவு எழுத்தில் செல்ல வேண்டும்.

மாணவர்களே, உங்கள் சொந்தக் கணக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் தொழிலுக்கு வந்த பிறகு எழுதப் போகிறவற்றை நம்புவதா வேண்டாமா என்பதை, நீங்கள் இப்போது எழுதுகிறவற்றைக் கொண்டுதான் வாசகர்கள் முடிவு செய்வார்கள். உங்களோடு ஒத்த கருத்துடையவர்களை மட்டும் பின்தொடர்ந்தால், ஊரில் பாதிப்பேர் என்ன நினைக்கிறார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாமற் போகும். மீனவர், ஆசிரியை, லாரி ஓட்டுநர், பஞ்சாயத்து உறுப்பினர், நெல் வியாபாரி, உங்கள் அரசியலுக்கு நேர்மாறான அரசியல் உடையவர் என்று பலதரப்பட்டவர்களையும் தனித்தனிப் பட்டியல்களில் சேர்த்து, நாள்தோறும் சிறிது நேரம் எதுவும் எழுதாமல் அவர்கள் பேசுவதை வாசியுங்கள். கார்வினுக்குத் தூனிசியா தெரிந்திருந்தது போல உங்களுக்கு உங்கள் மாவட்டம் தெரியும் நாள் அப்படித்தான் வரும்.

இத்துறையின் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஏரியையோ, ஒரு சந்தையையோ, ஒரு நகராட்சி வார்டையோ பாடப்பொருளாகக் கொடுங்கள். அதைப் பற்றி எங்கெங்கும் வெளியாகும் செய்தி, படம், அரசாணை, குடிமக்களின் முறையீடு யாவற்றையும் ஓராண்டு முழுவதும், மூலமும் தேதியும் நேரமும் குறித்து, சரிபார்த்ததையும் சரிபார்க்க இயலாததையும் வேறு வேறாகப் பிரித்து அவர் தொகுத்து வரட்டும். மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த இடத்துக்கு நேரில் போய், தம் தொகுப்பு சொல்வது அங்கே கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கட்டும். ஆண்டு முடிவில் அத்தொகுப்பைத் துறை நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். தேர்வுத் தாளில் எழுதும் விடையைவிட அது ஊருக்கு அதிகம் பயன்படும்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் பெரியோர்களையும் தாய்மார்களையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஒரு படத்தையோ செய்தியையோ உங்கள் குழுவில் போட்ட பிறகு, முன்பின் அறியாத ஒரு மாணவியோ மாணவரோ உங்களைக் கூப்பிட்டு, “ஐயா, அம்மா, இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது, என்றைக்கு எடுத்தது, நீங்களே பார்த்தீர்களா?” என்று கேட்டால், உங்களைச் சந்தேகிப்பதாக எண்ணி வருந்தாதீர்கள். தெரிந்ததைத் தெரிந்தபடியும், தெரியாததைத் தெரியாது என்றும் பொறுமையோடு சொல்லி உதவுங்கள்.